ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குத் திட உணவு தொடங்குதல்: முழுமையான வழிகாட்டி

குழந்தைக்கு முதன்முதலாகச் சோறூட்டத் தொடங்கும் வீடுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த தடுமாற்றம் ஒன்று உண்டு. உணவை மிகவும் நீர்க்கக் கரைத்துக் கொடுப்பதும், அந்த நீர்த்த பதத்திலேயே மாதக்கணக்கில் நின்றுவிடுவதும்தான் அது. எந்தக் காயை முதலில் கொடுப்பது, எந்தத் தானியம் சிறந்தது என்பவற்றைப் பற்றிப் பெற்றோர் நிறைய விசாரிக்கிறார்கள்; பதத்தைப் பற்றி ஏறக்குறைய யாரும் கேட்பதில்லை. ஆகவே இங்கே பதத்துக்கும் வரிசைக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இது நிறைமாதத்தில் பிறந்து நலமாக வளரும் குழந்தைக்கான வழிகாட்டி. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, எடை ஏறாத குழந்தை, பிறவி இதய நோயோ விழுங்குவதில் சிரமமோ உள்ள குழந்தை ஆகியோருக்குத் தொடங்கும் நாளையே குழந்தைநல மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

1. தொடங்கும் நாளை முடிவு செய்தல்

ஆறு மாதம், அதாவது 180 நாள் நிறைவடையும் வரை தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீரும் தேவையில்லை. ஆறாவது மாதம் பிறந்ததும் தொடங்குவது வேறு, ஆறு மாதம் முடிந்ததும் தொடங்குவது வேறு என்பதை நாள்காட்டியில் குறித்துக்கொள்வது நல்லது. பல வீடுகளில் இந்த ஒரு மாதக் கணக்கு தவறிவிடுகிறது.

ஆறு மாதத்துக்குப் பிறகு உணவு அவசியமாவதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. பிறக்கும்போது குழந்தை தன் உடலில் சேமித்து எடுத்துவந்த இரும்புச்சத்து ஏறத்தாழ இந்தக் காலத்தில் தீர்ந்துவிடுகிறது. தாய்ப்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அடுத்து, 6 முதல் 8 மாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மேலாக நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி ஆற்றல் தேவைப்படுகிறது. 9 முதல் 11 மாதத்தில் இது 300 கலோரியாகவும், ஒரு வயதுக்குப் பிறகு 550 கலோரியாகவும் உயர்கிறது.

வயதோடு சேர்த்து மூன்று அடையாளங்களையும் பார்க்க வேண்டும். தலை ஆடாமல் நிற்க வேண்டும். தாங்கிப் பிடித்தால் நிமிர்ந்து உட்கார வேண்டும். வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளும் அனிச்சைச் செயல் குறைந்திருக்க வேண்டும். இரவில் அடிக்கடி விழிப்பதும் கைமுட்டியைச் சப்புவதும் பசியின் அடையாளங்கள் என்று எண்ணி நான்காம் மாதத்திலேயே கஞ்சி தொடங்குகிறார்கள். அவை அந்த வயதுக்கு இயல்பானவை. கஞ்சி கொடுப்பதால் உறக்கம் நீளும் என்பதற்கும் உறுதியில்லை.

பல் முளைக்கட்டும் என்று காத்திருப்பது எதிர்த்திசைத் தவறு. இந்த வயதுக் குழந்தை ஈறுகளாலேயே மசித்து விழுங்கும்.

2. முதல் கரண்டிக்கு முன் தயாராக வேண்டியவை

சிறிய, ஆழமில்லாத கரண்டி ஒன்று, 250 மில்லி கொள்ளும் கிண்ணம் ஒன்று, தண்ணீருக்குச் சிறு டம்ளர் ஒன்று, பருப்பு கடையும் மத்து ஒன்று இருந்தால் போதும். கிண்ணம் குழந்தைக்கென்று தனியாக இருப்பது முக்கியம். எல்லோருடைய தட்டிலிருந்தும் ஒவ்வொரு வாய் ஊட்டும்போது, குழந்தை உண்மையில் எவ்வளவு சாப்பிட்டது என்பது யாருக்கும் தெரியாமல் போகிறது.

பால் புட்டியில் கஞ்சியை ஊற்றிக் கொடுக்கக் கூடாது. புட்டிக்காகக் கஞ்சியை நீர்க்கச் செய்ய வேண்டியிருக்கும். ரப்பர் காம்பின் இடுக்குகளை முழுமையாகச் சுத்தம் செய்வதும் கடினம். குழந்தையை மடியில் கிடத்திச் சங்கினாலோ பாலாடையினாலோ கஞ்சியை வாயில் ஊற்றுவது இதைவிட ஆபத்தானது. கிடந்த நிலையில் ஊற்றப்படும் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகலாம். மேலும், குழந்தை வேண்டாம் என்று சொல்ல வழியே இல்லாமல் போகிறது.

ஊட்டப்போகும் ஒவ்வொருவரும், பாட்டி தாத்தா உட்பட, மூச்சடைப்புக்கான முதலுதவியை முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டும். குழந்தை முகம் சிவந்து, ஓங்கரித்து, சத்தத்துடன் இருமினால் அது புதிய உணவுக்குப் பழகும் இயல்பான எதிர்வினை. பதறாமல் பொறுத்திருந்தால் தானே சரிசெய்துகொள்ளும். சத்தமே வராமல், அழ முடியாமல், உதடு நீலமாக மாறினால் அது மூச்சடைப்பு. உடனே குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை உடலைவிடத் தாழ்வாக இருக்கும்படி தாங்கிக்கொண்டு, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்ட வேண்டும். பிறகு மல்லாக்கத் திருப்பி மார்பின் நடுவில் 5 முறை அழுத்த வேண்டும். பொருள் வெளியே வரும் வரை இதை மாற்றி மாற்றிச் செய்தபடியே, அருகில் உள்ளவரை 108-ஐ அழைக்கச் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி விரலை உள்ளே விடக் கூடாது. அது பொருளை இன்னும் ஆழத்துக்குத் தள்ளிவிடும்.

3. முதல் கஞ்சியும் அதன் பதமும்

பச்சரிசி இரண்டு பங்கு, பாசிப்பருப்பு ஒரு பங்கு என்ற அளவிலிருந்து தொடங்கலாம். அரிசிப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் என்னும் புரதக் கூறு பருப்பில் உண்டு; பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் என்னும் கூறு அரிசியில் உண்டு. ஆகவே இரண்டும் சேரும்போது புரதத்தின் தரம் உயர்கிறது.

இரண்டு மேசைக்கரண்டி அரிசியையும் ஒரு மேசைக்கரண்டி பருப்பையும் கழுவி, அரை மணி நேரம் ஊறவைத்து, அவற்றின் அளவைப்போல் ஐந்து மடங்கு தண்ணீர் சேர்த்து, சிறு பாத்திரத்தில் வைத்துக் குக்கரில் ஐந்து விசில் வரும் வரை வேகவிட வேண்டும். சூடு ஆறுவதற்குள் மத்தால் நன்றாகக் கடைந்து, அரைத் தேக்கரண்டி நெய் சேர்க்க வேண்டும். முதல் நாட்களில் குழந்தை ஓரிரு கரண்டியே சாப்பிடும் என்பதால், மீதியைப் பெரியவர்கள் உப்புச் சேர்த்துச் சாப்பிட்டுவிடலாம்.

இனிப் பதம். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் கஞ்சி ஒழுகி ஓடக் கூடாது. கரண்டியில் தங்கி நின்று, மெல்ல நழுவி விழ வேண்டும். ஆறு மாதக் குழந்தையின் இரைப்பை, உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 30 மில்லி என்ற அளவில்தான் கொள்ளும். ஏழு கிலோ குழந்தை என்றால் ஏறத்தாழ 200 மில்லி. தாய்ப்பாலில் 100 மில்லிக்குச் சுமார் 65 கலோரி இருக்கிறது. அதைவிடக் குறைந்த ஆற்றலுள்ள தண்ணீர்க் கஞ்சியால் அந்தச் சிறிய வயிற்றை நிரப்பினால், குழந்தை அந்த அளவுக்குப் பால் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். உணவு கொடுக்கத் தொடங்கிய பிறகும் மொத்த ஆற்றல் முன்பைவிடக் குறைந்துபோகும். ஏழாம் எட்டாம் மாதங்களில் எடை ஏறாமல் நிற்கும் பல குழந்தைகளின் கிண்ணத்தில் இருப்பது இப்படிப்பட்ட கஞ்சிதான்.

பருப்புத் தண்ணீர், வடித்த கஞ்சித் தண்ணீர், காய்கறி வேகவைத்த தண்ணீர் ஆகியவற்றையும் இதே காரணத்துக்காகவே தவிர்க்கச் சொல்கிறேன். சத்து பெரும்பாலும் அடியில் தங்கிய பருப்பில் இருக்கிறது; மேலே தெளிந்த நீரில் மிகச் சிறிதளவே இறங்குகிறது. அடியில் இருப்பதைப் பெரியவர்களுக்கு வைத்துவிட்டுத் தெளிவைக் குழந்தைக்குக் கொடுக்கும் பழக்கத்தை அப்படியே தலைகீழாக மாற்ற வேண்டும்.

நெய்யைப் பலர் செரிக்காது என்று அஞ்சித் தவிர்க்கிறார்கள். கஞ்சியின் அளவைக் கூட்டாமல் ஆற்றலைக் கூட்டும் எளிய வழி அதுவே. ஒரு தேக்கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ சுமார் 40 கலோரி தரும்.

மிக்சியைப் பயன்படுத்துவதில் தவறில்லை, ஆனால் முதல் இரண்டு வாரங்களுக்கு மேல் தேவையில்லை. மத்தால் கடைந்த கஞ்சியில் எஞ்சும் சிறு நொய்கள் அடுத்த கட்டத்துக்கான பயிற்சியாக அமைகின்றன.

உப்பும் சர்க்கரையும் சேர்க்க வேண்டாம். பெரியவர் நாக்குக்குச் சப்பென்று இருப்பது குழந்தைக்கு அப்படி இல்லை, ஏனெனில் அதற்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறு சுவை இன்னும் அறிமுகமாகவில்லை. அந்த வயதுச் சிறுநீரகத்துக்கு அதிக உப்பு சுமை. வெல்லமும் கருப்பட்டியும் பனங்கற்கண்டும்கூடச் சர்க்கரைக் கணக்கிலேயே சேரும். இரண்டு வயது வரை சேர்த்த சர்க்கரை வேண்டாம். அங்கன்வாடியில் கிடைக்கும் சத்துமாவில் வெல்லம் உண்டு. அதைக் கொடுக்கும் வீடுகளில் மேலும் இனிப்புச் சேர்க்காமல், நாளின் ஒரு வேளைக்கு மட்டும் கெட்டியாகக் கிண்டிக் கொடுத்தால் போதும்.

4. முதல் வாரம் ஊட்டும் முறை

நாளொன்றுக்கு ஒரு வேளை, காலை ஒன்பது பத்து மணி வாக்கில் தொடங்குவது நல்லது. ஒவ்வாமையோ வாந்தியோ ஏற்பட்டால் பகலில் கவனிக்கவும் மருத்துவரிடம் போகவும் முடியும். பால் குடித்து ஒரு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். கடும் பசியில் இருக்கும் குழந்தை கரண்டியோடு போராடப் பொறுமையற்றுப் பால் கேட்டு அழும். வயிறு நிறைந்த குழந்தை வாயைத் திறக்காது.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு, குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, நாமும் அதன் முகத்துக்கு நேராக உட்கார வேண்டும். கரண்டி முனையில் சிறிதளவு எடுத்து, கீழுதட்டில் தொட்டு நிறுத்தி, குழந்தை தானாக வாய் திறக்கும் வரை காத்திருக்க வேண்டும். மேலண்ணத்தில் தேய்த்து வழித்துவிடுவது எளிதாகத் தோன்றினாலும், குழந்தை உதட்டை மூடி உணவை இழுத்துக்கொள்ளக் கற்பதை அது தடுக்கிறது.

முதல் நாள் ஒரு தேக்கரண்டி உள்ளே போனாலே போதும். பெரும்பகுதி வெளியே வழியும். அது வெறுப்பு அல்ல, உணவை நாக்கால் பின்னுக்குத் தள்ளும் பழக்கம் இன்னும் வரவில்லை என்பதே பொருள். வாரக் கடைசிக்குள் இரண்டு மூன்று மேசைக்கரண்டியை எட்டினால் இரண்டாவது வேளையைச் சேர்க்கலாம். இந்த நாட்களில் தாய்ப்பால் வேளைகளில் எதையும் குறைக்கக் கூடாது. தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, உணவுக்குப் பின் டம்ளரில் ஓரிரு மிடறு கொடுத்தால் போதும்.

5. புதிய உணவுகளைச் சேர்க்கும் வரிசை

பழக்கமான வரிசை என்பது அரிசி, பிறகு கேரட், பிறகு ஆப்பிள் என்று போய், முட்டையும் கறியும் ஒரு வயதுக்குப் பிறகு என்று முடியும். ஆறு மாதத்தில் தீர்ந்துபோவது இரும்புச்சத்து என்பதை நினைவில் வைத்தால், இந்த வரிசை பொருத்தமற்றது என்பது விளங்கும். இரும்புச்சத்துள்ள உணவு முதல் மாதத்துக்குள்ளேயே வந்துவிட வேண்டும்.

அரிசி பருப்புக் கஞ்சி பழகியதும், மஞ்சள் பூசணி, கேரட், சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஆகியவற்றில் ஒன்றை வேகவைத்து அதனுடன் சேர்த்து மசிக்கலாம். அடுத்து முருங்கைக்கீரை, அரைக்கீரை போன்றவற்றை நன்றாக வேகவைத்து அரைத்துச் சேர்க்கலாம். தாவர உணவிலுள்ள இரும்புச்சத்து எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. வைட்டமின் சி சேர்ந்தால் உறிஞ்சுவது கூடும். ஆகவே பருப்பும் கீரையும் உள்ள வேளையில் சில துளி எலுமிச்சைச் சாறோ, மசித்த தக்காளியோ, சாப்பாட்டுக்குப் பின் கொய்யா அல்லது பப்பாளி மசியலோ கொடுக்க வேண்டும். கொய்யாவின் விதைகளை வடிகட்டி நீக்கிவிட வேண்டும்.

அசைவம் உண்ணும் வீடுகளில் ஏழாம் மாதத்திலேயே முட்டை, கோழி, மீன் ஆகியவற்றைச் சேர்க்கலாம். முட்டையை வெள்ளைக்கரு, மஞ்சள்கரு இரண்டும் கெட்டியாகும் வரை வேகவைக்க வேண்டும். மீனில் நடுமுள்ளை நீக்கிய பிறகும் விரல்களால் நசுக்கிப் பார்த்துக் கொடுக்க வேண்டும். சுறா வேண்டாம், அதில் பாதரசம் சேரும். கோழி ஈரல் இரும்புச்சத்து மிகுந்தது, ஆனால் வைட்டமின் ஏ அளவு மீறக்கூடும் என்பதால் வாரத்துக்கு ஒரு முறை, ஒரு தேக்கரண்டி மசியல் போதும்.

முட்டை, நிலக்கடலை, கோதுமை, பால் பொருட்கள், மீன், இறால் ஆகியவை ஒவ்வாமை ஏற்படுத்தக்கூடியவை. இவற்றை ஒரே நாளில் இரண்டு சேர்க்காமல், ஒவ்வொன்றையும் கால் தேக்கரண்டியில் தொடங்கி மூன்று நாள் இடைவெளியில் அறிமுகப்படுத்த வேண்டும். அப்போதுதான் தடிப்பு வந்தால் எதனால் என்று தெரியும். இவற்றைத் தள்ளிப்போடுவது பாதுகாப்பு என்று முன்பு கருதினார்கள். ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான லண்டன் ஆய்வில், ஒரு வயதுக்குள் நிலக்கடலை உணவு தொடங்கியவர்களிடம் பின்னாளில் நிலக்கடலை ஒவ்வாமை ஏறத்தாழ 80 விழுக்காடு குறைந்தது. எனினும் கடுமையான கரப்பான் (எக்ஸிமா என்னும் தோல் அழற்சி) உள்ள குழந்தைக்கு முட்டை, நிலக்கடலை தொடங்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். நிலக்கடலையை வறுத்து, நைசாகப் பொடித்து, கஞ்சியில் கலந்தே கொடுக்க வேண்டும். முழுக் கடலை கூடாது.

உணவோடு சேர்த்து, 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு அரசுத் திட்டத்தில் இரும்புச்சத்துச் சொட்டு மருந்து வாரம் இரு முறை, ஒவ்வொரு முறையும் 1 மில்லி, இலவசமாகத் தரப்படுகிறது. கிராம சுகாதார செவிலியரிடமோ அங்கன்வாடியிலோ கேட்டுப் பெறலாம். மலம் கறுப்பதைப் பார்த்து இதை நிறுத்திவிடுகிறார்கள். அந்த நிறமாற்றம் தீங்கற்றது.

6. கேழ்வரகு மாவை முளைகட்டித் தயாரித்தல்

கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. ஆனால் சாதாரண மாவைக் காய்ச்சினால் விரைவில் இறுகிவிடும். அதைத் தளர்த்தத் தண்ணீர் சேர்க்கச் சேர்க்க மீண்டும் நீர்க்கஞ்சியில் போய் நிற்போம். முளைகட்டுவது இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. முளைக்கும்போது உருவாகும் அமைலேஸ் என்னும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால், அதே இளகிய பதத்தில் அதிக மாவைச் சேர்க்க முடிகிறது. இரும்புச்சத்தைத் தடுக்கும் பைட்டேட்டும் குறைகிறது.

கேழ்வரகைக் கல் நீக்கிக் கழுவி, ஓர் இரவு ஊறவைத்து, ஈரத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, ஒன்றிரண்டு நாளில் சிறு முளை வந்ததும் நிழலில் உலர்த்த வேண்டும். பூஞ்சை வாடை வந்தால் முழுவதையும் கொட்டிவிட வேண்டும். உலர்ந்ததும் வாணலியில் இளஞ்சூட்டில் வாசம் வரும் அளவுக்கு மட்டும் புரட்ட வேண்டும். சிவக்க வறுத்தால் நொதி அழிந்து, முளைகட்டிய பயன் பெருமளவு போய்விடும். அரைத்துச் சலித்த மாவைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். காய்ச்சும்போது குளிர்ந்த தண்ணீரில் கரைத்து அடுப்பில் ஏற்றி, கைவிடாமல் கிண்ட வேண்டும். கொதிநீரில் மாவைத் தூவினால் கட்டி தட்டும்.

7. அளவும் வேளையும்

6 முதல் 8 மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளை, ஒவ்வொரு வேளையும் படிப்படியாக 250 மில்லிக் கிண்ணத்தில் பாதி வரை. 9 முதல் 11 மாதம் வரை மூன்று நான்கு வேளை, அதே அரைக் கிண்ணம், இடையில் ஒரு சிற்றுண்டி. ஒரு வயதுக்குப் பின் முக்கால் முதல் முழுக் கிண்ணம். இவை இலக்குகள், ஒரு வேளை குறைந்தால் அடுத்த வேளை குழந்தையே ஈடுகட்டிக்கொள்ளும். தாய்ப்பாலை இரண்டு வயதும் அதற்கு மேலும் தொடரலாம்.

8. பதத்தை உயர்த்துதல்

எட்டாம் மாதத்துக்குள் மசித்த உணவில் சிறு கட்டிகள் இருக்க வேண்டும். ஒன்பதாம் மாதத்தில் விரலால் எடுத்து உண்ணும் துண்டுகள் வர வேண்டும். பத்து மாதம் வரை முழுக்க அரைத்த கூழையே உண்ட குழந்தை, பிறகு பருக்கை தட்டுப்பட்டாலே ஓங்கரித்துத் துப்புவதைப் பார்க்கிறோம். மெல்லக் கற்க உகந்த காலம் கடந்துவிடுவதே காரணம்.

நெய் தடவிய மெல்லிய இட்லித் துண்டு, ஆவியில் வெந்த கேரட் விரல்கள், பழுத்த வாழைப்பழம், வெந்த நேந்திரம்பழம், பருப்புச் சாதத்தைக் கையால் உருட்டிய மென்மையான உருண்டை ஆகியவை தொடங்க ஏற்றவை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் நசுங்க வேண்டும். நசுங்காதது இன்னும் வேக வேண்டும். ஒரு வயதில், உப்பும் காரமும் சேர்ப்பதற்கு முன் எடுத்துவைத்த வீட்டுச் சமையலே குழந்தையின் உணவாகிவிட வேண்டும்.

9. கொடுக்கக் கூடாதவை

தேன் ஒரு வயது வரை ஒரு துளியும் கூடாது. அதில் இருக்கக்கூடிய பாக்டீரிய வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நச்சை உண்டாக்கி, தசைகளைச் செயலிழக்கச் செய்யும். வீட்டுச் சூட்டில் அந்த வித்துகள் அழிவதில்லை. சேனை வைக்கும்போதும், நாக்கு தடிப்பாக இருக்கிறது என்றும் தேன் தடவும் பெரியவர்களிடம் இந்தக் காரணத்தை மரியாதையாக, முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பசும்பாலை ஒரு வயதுக்கு முன் முக்கியப் பானமாகக் கொடுக்கக் கூடாது. அதில் இரும்புச்சத்து குறைவு. சிறு குழந்தையின் குடலில் நுண்ணிய இரத்தக் கசிவையும் அது ஏற்படுத்தலாம். சிறிது தயிரைச் சாதத்தில் பிசைவதில் தடையில்லை. தேநீர், காபி வேண்டாம். அவை இரும்புச்சத்தைத் தடுக்கின்றன. பிஸ்கட்டைப் பாலில் நனைத்துக் கொடுப்பது சர்க்கரையைக் கொடுப்பதற்குச் சமம்.

முழுத் திராட்சை, முழுக் கடலை, சுண்டல், பொரிகடலை, முறுக்குத் துண்டு, பாப்கார்ன், பச்சைக் கேரட் ஆகியவை தொண்டையை அடைப்பவை.

10. குழந்தை மறுக்கும்போது

முகத்தைத் திருப்புவதும், உதட்டை இறுக்குவதும், கரண்டியைத் தட்டிவிடுவதும் போதும் என்பதன் அறிகுறிகள். அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். மூக்கைப் பிடித்து, கையைக் கட்டி ஊட்டப்பட்ட குழந்தை கரண்டியைப் பார்த்தாலே அழத் தொடங்கும். அந்தப் பயத்தைப் போக்க வாரங்கள் பிடிக்கும். கைப்பேசியைக் காட்டி ஊட்டுவது வேலை முடிந்தது போலத் தோன்றினாலும், பசியையும் நிறைவையும் குழந்தை தானே உணர்வதை அது மழுங்கச் செய்கிறது. ஒரு வேளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் முயல வேண்டாம்.

துப்பிய உணவைப் பிடிக்காத உணவு என்று ஒதுக்கிவிடாமல், சில நாள் இடைவெளியில் சிறிதளவாக மீண்டும் மீண்டும் வைக்க வேண்டும். எட்டுப் பத்து முறை சுவைத்த பிறகே ஏற்றுக்கொள்ளும் குழந்தைகள் ஏராளம்.

11. நோயும் எடையும்

உணவு மாறும்போது மலத்தின் நிறமும் இறுக்கமும் மாறும். மலச்சிக்கல் வந்தால் பப்பாளி, கீரை, கூடுதல் தண்ணீர் ஆகியவற்றைப் பார்க்கலாம். சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது; குழந்தை எச்சில் பட்ட மீதியை எடுத்துவைக்கவும் கூடாது.

வயிற்றுப்போக்கு வந்தால் உணவை நிறுத்திப் பட்டினி போடும் வழக்கம் குழந்தையை மேலும் நலியச் செய்கிறது. தாய்ப்பாலையும் கஞ்சியையும் சிறிது சிறிதாக அடிக்கடி கொடுத்துக்கொண்டே, ஓஆர்எஸ் கரைசலும், மருத்துவர் சொல்லும் துத்தநாக மருந்தை 14 நாளும் கொடுக்க வேண்டும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ தணிந்த பிறகு இரண்டு வாரம் வரை நாளுக்கு ஒரு வேளை கூடுதலாக ஊட்டினால் இழந்த எடை திரும்பும்.

மாதம் ஒரு முறை அங்கன்வாடியில் எடை போட்டு, தாய் சேய் நல அட்டையின் வளர்ச்சிக் கோட்டில் குறிக்கச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தையின் எடையைவிட, உங்கள் குழந்தையின் கோடு மேல்நோக்கிப் போகிறதா என்பதே பார்க்க வேண்டியது. கோடு இரண்டு மாதம் தொடர்ந்து படுக்கையாக நின்றாலோ கீழே இறங்கினாலோ மருத்துவரிடம் போக வேண்டும். உணவு உண்ட சில நிமிடம் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் உடல் முழுவதும் தடிப்பு, உதடு வீக்கம், தொடர் வாந்தி, மூச்சு இரைப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த உணவின் பெயரையும் கொடுத்த நேரத்தையும் எழுதி எடுத்துச் செல்ல வேண்டும்.